விலகிப் போக முடியாதவை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ஆற்று முகத்துவாரங்களைத் தூர்வாருவதால் கடல்வாழ் உயிர்களுக்கு விளைவது தீங்கே என்பது எங்கள் அணியின் கட்சி.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "மீனுக்கு நீந்தத் தெரியும்; தண்ணீர் கலங்கினால் விலகிப் போய்க்கொள்ளும்" என்றார். அவையும் கைதட்டியது. அதற்கு விடை சொல்லாமல் என்னால் மேலே செல்ல முடியவில்லை.

மீன் நீந்தும். மீனின் முட்டை நீந்துமா? ஹெர்ரிங் மீன் தன் முட்டைகளைக் கடலடிச் சரளைக் கற்களின் மேல் ஒட்டி வைக்கிறது. கிளறிவிட்ட வண்டல் அவற்றின் மேல் படிந்தால், உள்ளிருக்கும் கரு ஆக்சிஜன் கிடைக்காமல் திணறுகிறது. பாறையோடு பாறையாக ஒட்டிய சிப்பி எங்கே விலகும்? வேரூன்றி நிற்கும் கடற்புல், வெயில் எட்டாத கலங்கலில் எத்தனை நாள் தாங்கும்? சேற்றுக்குள் வாழும் புழுக்கள் சேற்றோடு சேர்த்து அள்ளப்பட்டபின், விலகிப் போன மீன் திரும்பி வந்து எதைத் தின்னும்? சரி, நன்றாக நீந்தத் தெரிந்த கடலாமையையே எடுத்துக்கொள்வோம். தூர்வாரும் கப்பலின் உறிஞ்சுமுனையில் அது சிக்கி மாண்டதால்தான், ஆமையை ஒதுக்கித் தள்ளும் தடுப்பை அம்முனையில் பொருத்துகிறார்கள். நீந்தத் தெரிந்தால் போதும் என்றால், நண்பரே, அந்தத் தடுப்பு எதற்கு?

ஜெர்மனியில் எம்ஸ் என்றோர் ஆறு உண்டு. கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் பாப்பன்பர்க் ஊரில் பெருங்கப்பல்கள் கட்டுகிறார்கள். கட்டிய கப்பல் கடலுக்குப் போக வேண்டும், ஆற்றைத் தோண்டினார்கள். அடுத்த கப்பல் இன்னும் பெரிது, இன்னும் தோண்டினார்கள். 1980களிலும் 90களிலும் படிப்படியாக இப்படி ஆழப்படுத்தியபின் நடந்ததை அவை கேட்க வேண்டும். ஆழம் கூடியதால் கடலின் ஏற்றம் தடையின்றி உள்ளே பாய்ந்தது. உள்ளே வரும் வேகம் வெளியேறும் வேகத்தை மிஞ்சியதால், வந்த நீர் சேற்றைச் சுமந்துவந்து ஆற்றிலேயே விட்டுப் போனது. சேற்றை நீக்கத் தோண்டினார்கள். தோண்டியதாலேயே சேறு வந்தது. வந்த சேற்றுக்காக மறுபடியும் தோண்டினார்கள். இன்று அந்த ஆற்றின் அடியில் கிடப்பது கூழ்போன்ற சேறு. கோடையில் அச்சேறு ஆக்சிஜனை உண்டுவிடுவதால், மீன் வாழ முடியாத நீளங்கள் ஆற்றில் உருவாகின்றன. தூரைக் குறைக்க வாரினார்கள், வாரவாரத் தூர் வளர்ந்தது! ஆற்றை மீட்க 2015இல் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாகி, அதன் இலக்கை 2050 வரை நீட்டியிருக்கிறார்கள் என்றால், செய்த காயத்தின் ஆழத்தை அவையே அளந்துகொள்ளட்டும்.

அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் 2009 முதல் 2015 வரை தூர்வாரி நச்சு வேதிப்பொருளை அகற்றினார்களே என்று கேட்கலாம். அகற்றினார்கள், அது நஞ்சை எடுக்கச் செய்த அறுவை சிகிச்சை. கப்பல் வழிக்காக ஆண்டுதோறும் தோண்டுவதோ அடங்கிக் கிடந்த நஞ்சை எழுப்பிவிடுகிறது. பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கக் கப்பல்களின் அடிப்புறத்தில் பூசிய டிரைபியூட்டைல்டின் என்ற நச்சுப்பொருள், பெண் கடல்நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைக்கச் செய்து அவற்றை மலடாக்கியது. 2008இல் உலகளாவிய தடை நடைமுறைக்கு வந்தபின்னும் துறைமுகச் சேற்றில் அது உறங்குகிறது.

நடுவர் அவர்களே, மணியடித்துவிட்டீர்கள். ஒரு தாயைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். பசிபிக் சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டை நிறைந்த வயிற்றோடு தான் பிறந்த ஆற்றையே தேடி வருகிறது. அந்த நீரின் வாசனையைக் குஞ்சாக இருந்தபோதே மனத்தில் பதித்துக்கொண்டதால்தான் அதற்கு வழி தெரிகிறது. நன்னீரில் நுழைந்தபின் அது உண்பதில்லை. முட்டையிட்டபின் உயிரோடு இருப்பதுமில்லை. வாழ்நாளில் ஒரே ஒருமுறை செய்யும் அந்தப் பயணத்தில், முகத்துவாரம் முழுதும் சேறாகி மூச்சுக்குக் காற்றில்லாத நாளில் அவள் வந்து நிற்கிறாள் என்று வையுங்கள். விலகிப் போகச் சொன்ன நண்பரே, பிறந்த வீட்டுக்கு வேறு வாசல் இல்லாத அவள் எங்கே போவாள்?