ஷாய் ஹுலுட்: போனவர்களும் இருந்தவரும்

எல்லாருக்கும் வணக்கம். இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது ஷாய் ஹுலுட் என்ற அமெரிக்க மெட்டல்கோர் குழு. ‘டியூன்’ நாவலில் பாலைவனத்தைக் கலக்கும் ராட்சத மணற்புழுவின் பெயர் அது. குழு பிறந்ததோ ஃபுளோரிடாவில் கடற்கரையோரம் இருக்கும் பொம்பானோ பீச்சில், 1995-இல். வெயில், கடல், சுற்றுலாக் கூட்டம் என்று இருக்கிற ஊரில், மனுஷ ஜாதி மேலேயே இத்தனை கசப்போடு ஒரு குழு எப்படிக் கிளம்பியது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மெட்டல்கோர் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஹார்ட்கோர் பங்க்கின் வேகமும் கத்தலும், ஹெவி மெட்டலின் கனமான கிடாரும் கலந்த இசை இது. ஓடிக்கொண்டிருக்கிற பாட்டு நடுவில் சட்டென்று வேகம் குறைந்து, டிரம்ஸும் கிடாரும் ஒன்றாக இறங்கி அடிக்கும். அதற்கு பிரேக்டவுன் என்று பெயர். முன்வரிசைக் கூட்டம் காத்திருப்பதே அதற்குத்தான்.

1997-இல் இவர்களுடைய முதல் முழு ஆல்பம் வந்தது: ‘ஹார்ட்ஸ் ஒன்ஸ் நரிஷ்ட் வித் ஹோப் அண்ட் கம்பேஷன்’. ஒரு காலத்தில் நம்பிக்கையும் கருணையும் ஊட்டி வளர்த்த இதயங்கள் என்று பொருள். ‘ஒரு காலத்தில்’ என்பதிலேயே மீதிக் கதை இருக்கிறது.

அன்றைக்கு இந்த வகையில் பல குழுக்களுக்கு கிடார் என்பது சம்மட்டி. இந்த ஆல்பத்தில் மாட் ஃபாக்ஸும் ஆலிவர் சப்போயும் வாசிக்கிற இரண்டு கிடார்களைக் கவனித்துக் கேளுங்கள். கீழே ஒன்று இடித்துக்கொண்டிருக்க, மேலே இன்னொன்று துயரமான ஒரு மெட்டைப் பின்னிக்கொண்டு போகும். தாளமும் சும்மா இருக்காது. நாலு நாலாக எண்ணித் தலையாட்டுகிறவர் பாதியிலேயே தடுமாறிவிடுவார். பின்னாளில் வந்த பிரபலமான மெட்டல்கோர் குழுக்கள், கத்திக்கொண்டே வந்து பல்லவியில் மட்டும் இனிமையாகப் பாடும் வழியைப் பிடித்துக்கொண்டன. இங்கே அந்தச் சலுகை இல்லை. இனிமை வேண்டுமென்றால் கிடாரில்தான் தேட வேண்டும். அது எனக்கு இன்னும் நேர்மையாகப் படுகிறது. சிலர் மறுக்கலாம், சரி.

அதே தென் ஃபுளோரிடாவிலிருந்து 1999-இல் பாய்சன் தி வெல் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. மெட்டும் ஆவேசமும் கைகோத்து நடக்க முடியும் என்பது அதற்குள் அந்தப் பக்கத்தில் பழகிப்போன விஷயம்.

இனி ஆட்கள் கதைக்கு வருகிறேன். ஷாய் ஹுலுட்டின் அந்த முதல் ஆல்பத்தில் கத்துகிற சாட் கில்பர்ட்டுக்கு அப்போது வயது 16. ‘மனிதன் மீது ஆழ்ந்த வெறுப்பு’ என்ற பொருளில் ஒரு பாட்டு இருக்கிறது. பள்ளிக்கூட வயதுப் பையன் அதை உயிரைக் கொடுத்துக் கத்துகிறான். அந்த வெறுப்பு யாருடையது? வரிகளில் பெரும்பகுதி கிடார்காரர் ஃபாக்ஸுடையது. சினிமாவில் ஒருவர் எழுதி இன்னொருவர் பாடினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஹார்ட்கோரில் அப்படி இல்லை, கத்துகிறவன் தன் வலியைத்தான் கத்துகிறான் என்று கூட்டம் நம்புகிறது. இந்தக் குழுவில் பாடகர் இடம் ஆரம்பம் முதலே ஒரு வேஷம் மாதிரி. கட்டுகிறவர் மாறலாம், வசனம் ஃபாக்ஸ் கையில்.

மாறவும் செய்தார்கள். கில்பர்ட்டுக்கு முன்னால் டேமியன் மோயல் இருந்தார். கில்பர்ட் நியூ ஃபவுண்ட் குளோரி என்ற குழுவுக்குப் போய், கிடாரைப் பிடித்து, துள்ளலான பாப் பங்க் வாசித்துப் பெரிய ஆளானார். டிரம்ஸ் ஸ்டீவ் கிளைசாத் ஃபர்தர் சீம்ஸ் ஃபாரெவர் என்ற குழுவுக்குப் போனார். 2003-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் நெதர்லாந்துக்காரரான கேர்ட் வான் டெர் வெல்டே கத்தினார். அவர் பிற்பாடு த பிளாக் அட்லாண்டிக் என்ற பெயரில் அமைதியான நாட்டுப்புறப் பாணி இசைக்கே போய்விட்டார். 2008-இல் வந்த மூன்றாவதில் மாட் மஸாலி. ஃபாக்ஸோடு நெடுங்காலம் ஒட்டிக்கொண்டது பேஸ் கிடார் மாட் ஃபிளெட்சர்தான்.

இதை வைத்துக் கேலி செய்கிறவர்கள் உண்டு. வேனில் ஊர் ஊராகப் போய், வாடகைக்கும் பெட்ரோலுக்கும் கணக்குப் பார்க்கிற அளவிலான குழு வாழ்க்கையில் ஆள் நிற்பதுதான் அதிசயம், போவது இல்லை. அதோடு, புதிதாக வருகிறவருக்கு இங்கே ஒரு தனிச் சோதனை. ஹார்ட்கோர் கச்சேரியில் மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே வேலி கிடையாது. பாடகர் மைக்கை நீட்டுவார், பத்துப் பேர் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி அதில் வந்து விழுவார்கள். அவர்கள் கத்துவது 1997-இன் வரிகள். எல்லாம் மனப்பாடம். நேற்று வந்த பாடகர் ஒரு வார்த்தையை விழுங்கினால் முன்வரிசைக்கே தெரிந்துவிடும்.

2013-இல் நான்காவது ஆல்பம், ‘ரீச் பியாண்ட் த சன்’. பாடியவர் யார்? கில்பர்ட்! தயாரிப்பும் அவரே. அதற்குள் 2009-இல் எ டே டு ரிமெம்பர் குழுவின் ‘ஹோம்சிக்’ ஆல்பத்துக்கும் இணைத் தயாரிப்பாளராக இருந்திருந்தார். பாப் பங்க்கும் பிரேக்டவுனும் ஒரே பாட்டில் சேர்கிற ஆல்பம் அது. அவருடைய இரண்டு வாழ்க்கையும் அங்கே ஒன்றாகிவிட்டன என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் நியூ ஃபவுண்ட் குளோரியை விட்டுவிட்டு ஷாய் ஹுலுட்டோடு முழுநேரமும் சுற்ற அவரால் எப்படி முடியும்? பயணங்களுக்கு மறுபடியும் வேறு பாடகர்கள் வந்தார்கள். ஆல்பத்திலோ மோயல், வான் டெர் வெல்டே, மஸாலி என்று பழைய பாடகர்களும் விருந்தினராக வந்து கத்திவிட்டுப் போனார்கள்.