சதவீதம் இறங்கிவிட்டது, விலை?

எல்லாருக்கும் வணக்கம்.

"பணவீக்கம் குறைந்துவிட்டது" என்று காலையில் செய்தி வருகிறது. ஒரு வருஷத்தில் விலை எத்தனை சதவீதம் ஏறியது என்பதுதான் பணவீக்கம். சாயங்காலம் கடைக்குப் போகிறவருக்கு, போன மாதம் கொடுத்த அதே பணத்துக்கு அதே அளவுதான் கிடைக்கிறது. "எங்கே குறைந்தது?" என்று கேட்கிறார். படித்தவர்கள் பலர் அவருக்குப் பொருளாதாரம் புரியவில்லை என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், சரியான கேள்வியைக் கேட்டவர் அவர்தான்.

இலங்கையில் நடந்ததைப் பாருங்கள். 2021-ல் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். சில மாதங்களில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றாலும், அதற்குள் நெல் விளைச்சல் விழுந்துவிட்டது. சரி, வெளியிலிருந்து வாங்கலாம் என்றால் கையில் டாலர் இல்லை. 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் 200 இலங்கை ரூபாய் அளவில் இருந்த ஒரு டாலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. உலகச் சந்தையில் ஒரு பொருளின் விலை ஒரு காசு ஏறாவிட்டாலும், அதை இறக்குமதி செய்ய முக்கால் பங்குக்கும் மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அந்த வருஷம் உலக விலையும் ஏறியது.

2022 செப்டம்பரில், கொழும்பில் அன்றாடப் பொருள்களின் விலையை அளக்கும் கொழும்பு விலைக் குறியீட்டின்படி உணவு விலை ஒரே வருஷத்தில் 95 சதவீதத்தை ஒட்டி ஏறியிருந்தது. 100 ரூபாய்ச் சாப்பாட்டுச் செலவு 195 ஆகிவிட்டது. அப்புறம் 2023 ஜூலையில் மொத்தப் பணவீக்கம் 6.3 சதவீதத்துக்கு இறங்கியது. உணவுக்கு மட்டும் போட்ட பணவீக்கக் கணக்கு பூஜ்யத்துக்கும் கீழே போய் மைனஸ் 1.4 என்று வந்தது. கேட்க நல்ல செய்திதான். ஆனால் அந்த எண் போன வருஷத்தோடு மட்டும்தான் ஒப்பிடுகிறது. போன வருஷமே விலை மலையேறி நின்றதே! அங்கிருந்து ஓரடி இறங்கியதைத்தான் மைனஸ் 1.4 என்கிறார்கள்.

இந்தச் சுமை எல்லார் தலையிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. குடும்பம் எவ்வளவு ஏழையோ, வருமானத்தில் அவ்வளவு பெரிய பங்கு சாப்பாட்டுக்கே போகிறது என்று 1857-லேயே ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் கணக்குப் போட்டுச் சொன்னார். வசதியுள்ளவர் வேறு செலவைக் குறைப்பார். இல்லாதவர் முதலில் சத்தானதை விடுவார், பிறகு ஒரு வேளைச் சாப்பாட்டையே விடுவார். பெரும்பாலும் அந்த வேளையை விடுவது வீட்டில் இருக்கும் அம்மா.

1943 வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென், தானியம் போதாமல் போனதால் மட்டும் அந்தப் பஞ்சம் வரவில்லை என்று வாதிட்டார். அரிசி விலை பறந்தது, விவசாயக் கூலிகளின் சம்பளம் அதன் பின்னால் ஓட முடியவில்லை. மீன்பிடித்துப் பிழைத்தவர்களுக்கும் அதே கதிதான். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். சந்தையில் அரிசி இருந்திருக்கிறது, அதை வாங்கத்தான் கையில் காசு இல்லை.

அதனால்தான் விலையை மட்டும் தனியாகப் பேசாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அடுத்த முறை "குறைந்துவிட்டது" என்று ஒருவர் மேடையில் சொன்னால், இரண்டு கேள்வி கேளுங்கள். நெருக்கடிக்கு முந்தைய வருஷத்தோடு வைத்துப் பார்த்தால் சாப்பாட்டு விலை இன்று எங்கே நிற்கிறது? அதே வருஷத்திலிருந்து தினக்கூலி எவ்வளவு ஏறியிருக்கிறது? இரண்டையும் ஒரே தாளில், பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.