ஸ்பானிஷ் பி.ஏ. படிக்கப் போறீங்களா? முதல்ல ஆங்கிலத்தை ஓரமா வைங்க

வணக்கம் மக்களே! பிளஸ் டூ முடிச்சிட்டு ஸ்பானிஷை மெயினா எடுக்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கும், ஏற்கெனவே முதல் வருஷத்துல உட்கார்ந்து முழி பிதுங்கி நிக்கிறவங்களுக்கும்தான் இந்த வீடியோ.

எங்க படிக்கிறதுங்கறதை வேகமா சொல்லிடறேன். டெல்லியில ஜே.என்.யூ., டெல்லி பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா, ஹைதராபாத்ல இஃப்ளூ, அதாவது ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். ஜே.என்.யூ.வுக்கும் டெல்லி பல்கலைக்கழகத்துக்கும் க்யூட்ங்கற பொது நுழைவுத் தேர்வு மதிப்பெண் வேணும். சேரும்போது ஒரு வார்த்தை ஸ்பானிஷ்கூட தெரிஞ்சிருக்க வேண்டாம். ஆனா 'அனா, ஆவன்னா'வுல ஆரம்பிக்கிற அதே படிப்புல கொஞ்ச நாள்லயே இலக்கியத்தை மூலத்துலயே படிக்கச் சொல்லுவாங்க. அந்த இடைவெளியிலதான் நிறைய பேர் விழறாங்க.

தமிழ் பேசறவங்க செய்யற முதல் தப்பு, ஸ்பானிஷை ஆங்கிலம் வழியா படிக்கிறது. புத்தகம் ஆங்கிலத்துல விளக்குது, நாமும் அப்படியே மனசுக்குள்ள மொழிபெயர்க்கிறோம். தமிழ் பல இடத்துல அதைவிட ரொம்பக் கிட்டக்க நிக்குது.

உச்சரிப்பைப் பாருங்க. இதோ ஒரு துண்டு பேப்பர், உதட்டுக்கு முன்னால ரெண்டு விரல் தள்ளிப் பிடிச்சிருக்கேன். ஆங்கிலத்துல 'பேப்பர்'னு சொன்னா அது ஆடும், ஏன்னா காத்து ஊதுது. தமிழ்ல 'பாட்டு'ன்னு சொன்னா ஆடாது. ஸ்பானிஷ்லயும் ஆடக் கூடாது. அடுத்தது, ஆங்கிலப் பழக்கத்துல எல்லாத்துக்கும் 'ட' போடறோம். தக்காளி அங்க 'டொமாட்டோ' இல்ல, 'தொமாத்தே'. நாக்கு மேல்பல்லைத் தொடணும். 'ஒண்ணுமில்ல'ங்கறதுக்கு 'நாதா'. அதுல வர்ற 'தா' நம்ம 'அது'வுல வர்ற மாதிரி மெத்துனு இருக்கும். ஏரிக்கு 'லாகோ', அந்த 'கோ' நம்ம 'மகன்' மாதிரி. உயிரெழுத்துக்கு நடுவுல வந்தா ஒலி இளகுறது நமக்குப் பிறவிப் பழக்கம், அதைக் கெடுத்துக்காதீங்க.

கஷ்டம் ரெண்டு 'ர'வுல. 'பெரோ'ன்னா 'ஆனா', 'பெர்ரோ'ன்னா நாய். கன்னியாகுமரி பக்கம் ர, ற வித்தியாசம் காட்டிப் பேசறவங்களுக்கு இது சுலபம். மத்தவங்க 'த்ர, த்ர, த்ர'ன்னு தினம் அஞ்சு நிமிஷம் வேகமா சொல்லுங்க. நாக்கை இறுக்கினா நடுங்காது, தளர விட்டு மூச்சை அழுத்தணும். சொல்லோட தொடக்கத்துல வந்தாலும், ன், ல், ஸ் இதுங்களுக்கு அடுத்து வந்தாலும் நடுங்கற ஒலிதான்: ரோசா, என்ரிக்கே.

இப்ப இலக்கணம். 'மே குஸ்தா எல் கஃபே.' சொல்லுக்குச் சொல் பார்த்தா 'எனக்குப் பிடிக்கும் காப்பி'. ஆங்கிலத்துல யோசிக்கிறவங்க 'யோ குஸ்தோ'ன்னு எழுதி மார்க்கை விடறாங்க. ஒண்ணு மட்டும் கவனம்: பிடிக்கிற பொருள் பன்மையானா வினையும் பன்மை, 'மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்'. 'மே துவேலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்குது. 'என் தலை'ன்னு நாமும் சொல்றதில்ல, அவங்களும் சொல்றதில்ல. இன்னும் அழகு ஒண்ணு இருக்கு. 'படம் பார்க்கிறேன்'னு சொல்லுவோம், 'மரியா பார்க்கிறேன்'னு சொல்ல மாட்டோம், 'மரியாவைப் பார்க்கிறேன்'னு ஐ உருபு போடுவோம். ஸ்பானிஷ்லயும் 'வேயோ உனா பெலிகுலா', ஆனா 'வேயோ ஆ மரியா'. ஆளுன்னு வந்ததும் ஒரு 'ஆ' ஒட்டிக்கும். இதுக்குப் பாடப்புத்தகத்துல ஒரு முழுப் பாடமே இருக்கும். நமக்கு ஒரு வரி போதும்.

நீ, நீங்கங்கறதும் அப்படித்தான், 'தூ', 'உஸ்தேத்'. ஆனா 'உஸ்தேத்'துக்கு வினை படர்க்கையில வரும், ஏன்னா அது 'தங்கள் கருணை'ங்கற பழைய மரியாதைச் சொல் தேய்ஞ்சு வந்தது. அதனால 'உஸ்தேத் தியேனே'. 'தியேனேஸ்' போட்டா தப்பு.

தமிழ் கைவிடற இடமும் இருக்கு. மேசைக்கும் சுவருக்கும் ஆண்பால் பெண்பால் நமக்குக் கிடையாது. சொல்லைத் தனியா மனப்பாடம் பண்ணாதீங்க, 'லா மேசா', 'எல் முரோ'ன்னு முன்சொல்லோடயே பண்ணுங்க. 'லா மானோ', 'எல் ப்ரோப்லேமா' மாதிரி ஏமாத்தற சொற்களுக்குத் தனி நோட்டு. அடுத்து, 'நீ வரும்போது சொல்றேன்'. 'வரும்'ங்கறது எதிர்காலம் மாதிரி தெரியறதால 'குவாந்தோ வெந்த்ராஸ்'னு எழுதறோம். இன்னும் நடக்காத விஷயம், அதனால 'குவாந்தோ வெங்காஸ்'னு சுப்ஜுந்தீவோ, அதாவது நடக்காததையும் உறுதியில்லாததையும் சொல்ற வினை வடிவம், வரணும். ஸ்பானிஷ்ல இறந்தகாலம் ரெண்டு: முடிஞ்சதுக்கு ஒண்ணு, முடிவு சொல்லாம நடந்துக்கிட்டு இருந்ததுக்கு இம்பெர்ஃபெக்தோ. அதுல ஒரு பொறி: ரொம்ப நாள் நடந்தா இம்பெர்ஃபெக்தோன்னு நினைக்கிறாங்க. 'பத்து வருஷம் மாட்ரிட்ல வாழ்ந்தேன்'னா 'விவீ', 'விவியா' இல்ல. பத்து வருஷம்னு வேலி போட்டாச்சு, செயல் முடிஞ்சுபோச்சு. நீளம் முக்கியமில்ல, முடிஞ்சதாங்கறதுதான் முக்கியம்.

சரி, இலக்கியத்துக்கு வருவோம், நிஜமான பாரம் இங்கதான். பரிட்சையில ஒரு பத்தியோ கவிதையோ கொடுத்து 'கொமெந்தாரியோ தே தெக்ஸ்தோ', அதாவது அந்தப் பகுதியை அலசி எழுதச் சொல்லுவாங்க. நம்ம பள்ளிக்கூடத்து 'இலக்கிய நயம் பாராட்டுக' ஞாபகம் இருக்கா, அதோட ஒண்ணுவிட்ட தம்பி. முதல்ல எந்தக் காலம், எந்த வகை, அப்புறம் மையக் கருத்து ஒரே வாக்கியத்துல, பகுதிகளா எப்படிப் பிரியுது, அப்புறம் நடை. இதுல எல்லாரும் செய்யற தப்பு, பொழிப்புரை எழுதிட்டு வந்துடறது. ரெண்டாவது தப்பு, உவமை ஒண்ணு, உருவகம் ரெண்டுன்னு பட்டியல் போடறது. அந்த உருவகம் அந்த இடத்துல என்ன வேலை செய்யுதுன்னு எழுதினாத்தான் மதிப்பெண்.

கவிதைன்னா அசை எண்ணணும். கட்டளைக் கலித்துறையில ஒற்று நீக்கி அடிக்குப் பதினாறு, பதினேழு எழுத்துன்னு எண்ணுவோமே, அந்த மாதிரி. 'மி', 'அல்மா' தனித்தனியா மூணு அசை. சேர்ந்து வந்தா 'மியல்-மா', ரெண்டுதான். இதை சினலேஃபாம்பாங்க, நமக்குப் புணர்ச்சி. கடைசிச் சொல்லுல அழுத்தம் கடைசி அசையில விழுந்தா ஒண்ணு கூட்டணும், கடைசிக்கு முந்தினதுல விழுந்தா அப்படியே, அதுக்கும் முந்தினதுல விழுந்தா ஒண்ணு கழிக்கணும். பதினோரு அசை அடிகள் நிறைய வரும், அதனால கணக்கு பத்தோ பன்னிரண்டோன்னு வந்தா முதல்ல இந்த ரெண்டையும் சரிபாருங்க. பெரும்பாலும் பதினொண்ணுல வந்து நிக்கும்.

வரலாறு இல்லாம இலக்கியம் புரியாது. ஒரு தாள்ல ஆறு வருஷம் எழுதிச் சுவத்துல ஒட்டுங்க: 711, 1492, 1898, 1936, 1975, 1978. ஸ்பெயினுக்குள்ள அரபு ஆட்சி 711ல நுழைஞ்சதாலதான் சர்க்கரை 'அசூக்கார்', எண்ணெய் 'அசெய்த்தே'. 1492ல அங்க கடைசி முஸ்லிம் அரசான கிரனாதா விழுந்தது, கொலம்பஸ் கப்பலேறினார், யூதர்கள் வெளியேத்தப்பட்டாங்க, நெப்ரிஹாங்கறவரோட ஸ்பானிஷ் இலக்கண நூல் வந்தது, எல்லாம் ஒரே வருஷம்! 1898ல கியூபாவும் பிலிப்பைன்ஸும் கைவிட்டுப் போச்சு. 1936ல உள்நாட்டுப் போர், 1975ல சர்வாதிகாரி ஃபிராங்கோ சாவு, 1978ல அரசியல் சட்டம். லத்தீன் அமெரிக்காவுக்குத் தனித் தாள் போடுங்க. கடைசி வருஷ ஆய்வுக்குத் தலைப்பு தேடறவங்க மெக்ஸிகோ கவிஞர் ஒக்தாவியோ பாஸைப் பாருங்க. 1962லருந்து 1968 வரைக்கும் டெல்லியில மெக்ஸிகோ தூதரா இருந்து, மெக்ஸிகோவுல மாணவர்களைச் சுட்டதைக் கண்டிச்சு பதவியை விட்டவர். நமக்கு எழுத நிறைய இருக்கு.

டிகிரியோட கூடவே தேலேங்கற ஸ்பானிஷ் மொழித் தேர்வுல பி2 நிலையை எழுதிடுங்க, அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. டெல்லியில இருக்கிற ஸ்பெயின் அரசோட மொழி, பண்பாட்டு மையம் இன்ஸ்திதூத்தோ செர்வான்தெஸ்ல எழுதலாம். வாசிப்பு 70 நிமிஷம், கேட்டல் 40, எழுத்து 80, பேச்சு 20, அதுக்குத் தயாராக இன்னொரு 20. வாசிப்பும் எழுத்தும் ஒரு ஜோடி, கேட்டலும் பேச்சும் இன்னொரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலயும் 50க்கு 30 வேணும். வாசிப்புல எவ்வளவு அள்ளினாலும் கேட்டலுக்குக் கைகொடுக்காது. நம்ம பிள்ளைங்க தோக்கறது இந்த ரெண்டாவது ஜோடியிலதான், ஏன்னா வகுப்புல ஒரே ஆசிரியரோட ஒரே உச்சரிப்பு, பரிட்சையில மெக்ஸிகோவும் வரும், அர்ஜென்டினாவும் வரும். மூணாவது செமஸ்டர்லருந்து தினம் பதினஞ்சு நிமிஷம், ஒரு வாரம் ஒரு நாட்டு ரேடியோன்னு மாத்தி மாத்திக் கேளுங்க. கேட்டதுல ரெண்டு நிமிஷத்தை நிறுத்தி நிறுத்திக் கையால எழுதிப் பாருங்க. எந்தச் சொல் காதுல விழலைன்னு அந்தத் தாளே காட்டிடும்.