அந்த நான்கு திருகாணிகள்

வணக்கம் நண்பர்களே. இப்போதுதான் அறைக்குத் திரும்பினேன். கழுத்தில் மாநாட்டு அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது, பாருங்கள். இரண்டு நாள் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். சூடு ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று கேமராவைப் போட்டுவிட்டேன்.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், நானும் என் கூட்டாளியும் குழந்தைகளுக்கான கதைச் செயலி ஒன்றை நடத்துகிறோம். விளக்கை அணைத்துப் படுத்த பிறகு கேட்கிற கதைகள். மூன்று மாதமாக எங்களுக்குள் ஒரே பேச்சு: இந்த பிராண்ட் எதற்காக இருக்கிறது? செயலியின் முகப்பில் அதை ஒரு வரியில் எழுத வேண்டும். 'கற்பனைக்குச் சிறகு' என்று எழுதினோம், அழித்தோம். 'ஒவ்வொரு இரவும் ஒரு உலகம்' என்று எழுதினோம், அதையும் அழித்தோம். படிக்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் மறுநாள் காலையில் வேலைக்கு உட்கார்ந்தால், அந்த வரியால் எங்கள் வேலையில் எதுவுமே மாறவில்லை. சரி, நாலு பேர் எப்படி யோசிக்கிறார்கள் என்று பார்ப்போம் என்றுதான் தொழில்நுட்பமும் வணிகமும் சேர்ந்த இந்த மாநாட்டுக்குக் கிளம்பினேன்.

மேடைப் பேச்சுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009-ல் சைமன் சினெக் என்ற எழுத்தாளர், டெட்எக்ஸ் என்கிற உரை மேடையில், ஒரு நிறுவனம் தான் ஏன் இருக்கிறது என்பதில் தொடங்க வேண்டும் என்று சொல்லி, ஏன், எப்படி, என்ன என்று மூன்று வட்டங்கள் வரைந்தாரே, அது முதல் நாள் காலையிலேயே இரண்டு பேருடைய ஸ்லைடில் வந்துவிட்டது. இன்னொருவர் வரலாறு சொன்னார், அது எனக்குப் பயன்பட்டது. லாபத்தைப் பெருக்குவதுதான் வணிகத்தின் சமூகப் பொறுப்பு என்று பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1970-ல் எழுதினார். 2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் 181 பெருநிறுவனத் தலைவர்கள், வாடிக்கையாளர், ஊழியர், சப்ளையர், ஊர், பங்குதாரர் எல்லாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம் என்று ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். பெரிய விஷயம்தான். ஆனால் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு யாருக்கும் எந்த இழப்பும் இல்லை. அந்த இடத்திலேயே என் மனது நின்றுவிட்டது.

அப்புறம் மதியம் ஸ்டால்கள் பக்கம் போனேன். கடைசி வரிசையில் ஒரு சின்ன மேசை, ஹெட்ஃபோன் செய்கிற ஒரு சின்ன நிறுவனம். பேனரில் பெயரைத் தவிர எதுவும் இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் என்னிடம் ஒன்றும் பேசாமல் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். காது மெத்தையைக் கழற்றினார். உள்ளே நான்கு திருகாணிகள். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு மூடியில் போட்டார். ஹெட்ஃபோனின் உறை திறந்தது, பேட்டரி அப்படியே அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "பசை போட்டு ஒட்டியிருந்தால் இதை இன்னும் மெலிதாகச் செய்திருக்கலாம், செலவும் குறையும். ஆனால் பேட்டரி போனால் வாங்கினவங்க மொத்தத்தையும் தூக்கித்தான் போடணும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மறுபடி திருகாணியைப் பூட்ட ஆரம்பித்துவிட்டார்.

நான் அங்கிருந்து வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் எதற்காகத் தொழில் செய்கிறார்கள் என்று எனக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. நோக்கத்துக்காக அவர்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டேனே! மெலிதான வடிவத்தை விட்டார்கள், மலிவான உற்பத்தியை விட்டார்கள்.

அந்தக் கண்ணோடு பார்த்தபோது எனக்குத் தெரிந்த பழைய கதைகள் எல்லாம் வேறு மாதிரித் தெரிந்தன. வோல்வோ கார் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நில்ஸ் போலின் என்ற பொறியாளர் அங்கே சேருவதற்கு முன்னால் போர் விமானங்களுக்கு, ஆபத்து வந்தால் விமானியோடு சேர்த்து வெளியே தெறிக்கிற இருக்கைகளை வடிவமைத்தவர். ஒரு மனித உடம்பு திடீர் வேகத்தை எப்படித் தாங்கும் என்று அறிந்தவர். அந்தக் காலத்து கார் பெல்ட் பெரும்பாலும் வயிற்றுக்குக் குறுக்கே மட்டும்தான் போகும், மோதினால் அதுவே உள்ளுறுப்புகளைக் காயப்படுத்தும். இவர் தோள், இடுப்பின் இரண்டு பக்கம் என்று மூன்று இடத்தில் பிடிக்கிற பெல்ட்டைச் செய்தார். ஒரே கையால் மாட்டிவிடலாம். 1959-ல் அது வோல்வோ கார்களில் வந்தது. காப்புரிமையைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்து கார் நிறுவனங்களிடம் எல்லாம் காசு வாங்கியிருக்கலாம். யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று திறந்துவிட்டார்கள். இன்றைக்கு நாம் எந்த காரில் ஏறினாலும் தோளுக்கு மேலே இழுத்து மாட்டுகிறோமே, அதேதான். இதைப் பேசும்போதே எனக்குச் சிலிர்க்கிறது.

சிவிஎஸ் என்கிற அமெரிக்க மருந்துக்கடை நிறுவனமும் அப்படித்தான். மருந்தும் விற்றுக்கொண்டு சிகரெட்டும் விற்பது எப்படிப் பொருந்தும் என்று கேட்டுக்கொண்டு 2014-ல் புகையிலையை மொத்தமாக நிறுத்தினார்கள். ஆண்டுக்குச் சுமார் 200 கோடி டாலர் விற்பனை போகும் என்று தெரிந்தே செய்தார்கள். படகோனியா என்கிற உடை நிறுவனம் 2011-ல் நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது, 'இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்' என்று. அந்த ஒரு ஜாக்கெட்டைச் செய்ய 135 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். 2022-ல் நிறுவனர் குடும்பமே உரிமையை ஓர் அறக்கட்டளைக்கும் சுற்றுச்சூழலுக்கான ஓர் அமைப்புக்கும் எழுதிக்கொடுத்துவிட்டது. இதற்கு நேர் எதிராக, 2017-ல் பெப்சி ஒரு போராட்டக் காட்சியை விளம்பரமாக எடுத்து, எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே திரும்பப் பெற்றதும் ஞாபகம் வந்தது. அந்தப் போராட்டத்துக்காக அவர்கள் எதையும் விட்டிருக்கவில்லை, மக்களுக்கு அது உடனே தெரிந்துவிட்டது.

இப்போது எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் செயலியில் ஒரு கதை முடிந்தால் ஐந்து நொடியில் அடுத்த கதை தானாக ஆரம்பிக்கும். சேர்த்தது நான்தான். அதைச் சேர்த்த பிறகு, ஒரு குழந்தை சராசரியாக எத்தனை நிமிடம் கேட்கிறது என்கிற கணக்கு நன்றாக ஏறியது. முதலீட்டாளர்களிடம் பேசும்போது நாங்கள் முதலில் காட்டுவது வரைபடத்தில் மேலே ஏறுகிற அந்தக் கணக்கின் கோடுதான். ஆனால் எங்களுக்கு வந்த கடிதங்களில் ஒரு தாய் எழுதியிருந்தார்: "முதல் கதையில் கண் சொக்குது. இரண்டாவது கதை ஆரம்பிச்சதும் எழுந்து உட்கார்ந்துடறான்." அந்தக் கடிதத்தை நான் இரண்டு மாதம் முன்பே படித்தேன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது என்னைத் தொட்டது.

குழந்தை தூங்க வேண்டும். நாங்கள் இருப்பது அதற்காகத்தான். தூங்கிவிட்ட குழந்தை நிமிடக் கணக்கில் வராது.

அங்கேயே கூட்டாளிக்குப் போன் போட்டேன். தானாக ஓடுவதை எடுத்துவிடலாம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "கணக்கு இறங்குமே, தெரியும்தானே உனக்கு?" என்றாள். தெரியும் என்றேன். "வரைபடத்துல அந்தக் கோடு இறங்கினா, இறங்கின மாதிரியே காட்டுவோம். ஏன் இறங்கியதுன்னும் சொல்லுவோம்" என்றாள். முகப்பு வரியைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

அடுத்த பதிப்பு தயாராகிக்கொண்டிருக்கிறது. அதில் கதையின் கடைசி இரண்டு நிமிடம் குரல் மெல்ல மெல்ல அடங்கும், திரை இருண்டுவிடும், அதோடு நின்றுவிடும். வீட்டில் குழந்தை இருப்பவர்கள், அந்தப் பதிப்பு வந்ததும் போட்டுப் பாருங்கள், பிள்ளை எந்த இடத்தில் தூங்கியது என்று எனக்கு எழுதுங்கள்.