வேக்குவம் பம்ப் இழுக்கவில்லையா? பிரிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்

(காட்சி: ஓடிக்கொண்டிருக்கும் ரோட்டரி வேன் பம்ப். மைக்ரான் கேஜில் எண் 2,000-க்குக் கீழே இறங்காமல் நிற்கிறது.)

பம்ப் ஓடுகிறது. சத்தமும் வழக்கம்போலத்தான் இருக்கிறது. ஆனால் கேஜில் மைக்ரான் மட்டும் இறங்க மறுக்கிறது. மைக்ரான் இங்கே அழுத்தத்தின் அளவு; எண் குறையக் குறைய வேக்குவம் ஆழமாகும். உடனே ஸ்பேனரைத் தேடாதீர்கள். கோளாறு பம்பில்தானா என்பதே இன்னும் தெரியாது.

(காட்சி: ஹோஸைக் கழற்றிவிட்டு கேஜைப் பம்பின் வாயில் மாட்டும் கை.)

ஹோஸ், வால்வு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கேஜை நேராகப் பம்பின் உறிஞ்சும் வாயில் மாட்டி ஓட்டுங்கள். நல்ல நிலையில் உள்ள இரண்டு ஸ்டேஜ் பம்ப் (இரண்டு படிகளாக இழுப்பது) சில நிமிடங்களில் 100 மைக்ரானுக்குக் கீழே போய்விடும். போய்விட்டால் பம்ப் மேல் தப்பில்லை. பெரும்பாலும் ஹோஸ் முனையில் காய்ந்துபோன ஒரு சின்ன ரப்பர் வாஷர்தான் காரணமாக இருக்கும்.

இப்படி மாட்டியும் இறங்கவில்லையா? சரி, ஆயிலைப் பார்ப்போம்.

(காட்சி: ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடியான சைட் கிளாஸ், மிக அருகில். ஆயில் பால்போல வெளுத்திருக்கிறது.)

இந்த வகைப் பம்பில் ஆயில் வெறும் மசகு மட்டுமல்ல. உள்ளே சுழலும் தகடான வேனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியை அடைப்பதும் அதுதான். கறுத்திருந்தால் அழுக்கு ஏறிவிட்டது. இப்படி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது.

கொஞ்சம் தண்ணீர்தானே என்று விட முடியாது. 25 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் ஆவி அழுத்தம் சுமார் 24,000 மைக்ரான். ஆயிலில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்க, பம்ப் தன் வயிற்றில் இருப்பதையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

இதற்காகவே வந்தது கேஸ் பேலஸ்ட் என்ற சின்ன வால்வு. ஜெர்மன் இயற்பியலாளர் வொல்ஃப்காங் கேடே 1935-இல் கொண்டுவந்த யோசனை. அழுத்தும் அறைக்குள் கொஞ்சம் காற்றை விட்டால், நீராவி தண்ணீராக மாறுவதற்கு முன்பே வெளியேறும் வால்வு திறந்துவிடும். ஈரம் லேசாக இருந்தால், இதைத் திறந்து வைத்து அரை மணி நேரம் ஓட்டினாலே ஆயில் தெளிந்துவிடும். அப்புறம் மறக்காமல் மூடுங்கள். திறந்தே கிடந்தால் ஆழமான வேக்குவம் கிடைக்காது. மூட மறந்துவிட்டு ஒரு மணி நேரம் கசிவு தேடிய அனுபவம் எனக்கே உண்டு.

தெளியாவிட்டால் ஆயிலை மாற்றுங்கள். பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிய பிறகு வடியுங்கள். சூட்டில் அழுக்கும் சேர்ந்து இறங்கும். வேக்குவம் பம்ப் ஆயிலையே ஊற்றுங்கள், எஞ்சின் ஆயில் வேண்டாம். குறிக்கு மேலே போனால் புகைவாயில் ஆயில் துப்பும்.

(காட்சி: ஓட ஆரம்பிக்கும் பம்ப், புகைவாயில் மெல்லிய மூட்டம்.)

தொடக்கத்தில் வரும் இந்த மூட்டம் இயல்புதான். ஆழமான வேக்குவத்தில் கேட்கும் மெல்லிய டிக் டிக் சத்தமும் அப்படியே. அரைபடும் சத்தம் கேட்டால் மட்டும் உடனே நிறுத்துங்கள்.

நிறுத்தும்போது, சிஸ்டம் (நீங்கள் வேக்குவம் செய்யும் கருவி) பக்க வால்வை மூடிவிட்டு, பம்பின் வாயில் காற்றை விடுங்கள். விடாவிட்டால் சில பம்புகளில் ஆயில் பின்னோக்கி ஹோஸுக்குள் ஏறிவிடும்.

இரண்டு முறை ஆயில் மாற்றியும் கேஜ் இறங்கவில்லை என்றால், வேனோ, சுழலும் தண்டைச் சுற்றியுள்ள ஷாஃப்ட் சீலோ தேய்ந்திருக்கலாம். இப்போது ஸ்பேனரை எடுக்கலாம். மூடியைத் திறந்ததும், வேன் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று ஒரு படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.