முதுகெலும்புக்கு எந்த ஸ்கேன்?

வணக்கம் நேயர்களே. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியிலோ வண்ணார்பேட்டை ஸ்கேன் சென்டர்களிலோ பெரிய பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பைக்குள் ஒரு எம்ஆர்ஐ, ஒரு சிடி, கூடவே பழைய எக்ஸ்ரேக்கள். ஸ்கேன் படம் பார்த்துச் சொல்லும் டாக்டரான என்னிடம் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: “ஒரே ஸ்கேன்ல எல்லாம் தெரியாதாய்யா?” எலும்புக்கு சிடி, நரம்புக்கும் ஜவ்வுக்கும் எம்ஆர்ஐ என்று நாங்கள் பதில் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பதில் இப்போது பாதிதான் சரி.

எம்ஆர்ஐ, உடம்பின் தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தத்துக்குள் வைத்து உசுப்பி, அவை திருப்பித் தரும் சமிக்ஞையைப் படமாக்குகிறது. எலும்பின் கெட்டியான மேலோட்டில் தண்ணீர் கொஞ்சம்தான். அதுவும் எலும்போடு இறுகிக் கிடக்கிறது. நம் நெல்லையப்பர் கோவில் இசைத்தூணைத் தட்டினால் ஓசை சற்று நிற்கும். சாதாரணக் கல்லைத் தட்டினால் டொக்கென்று முடிந்துவிடும். தசையின் சமிக்ஞை பல மில்லிவிநாடி நிற்க, கெட்டி எலும்பினுடையது அரை மில்லிவிநாடிக்குள் அடங்கிவிடுகிறது. வழக்கமான எம்ஆர்ஐ கேட்கத் தொடங்குவதற்குள் அது போயே போய்விடும். அதனால் படத்தில் எலும்பின் ஓடு வெறும் கறுப்பு.

இதற்கு இரண்டு வழி கண்டிருக்கிறார்கள். ஒன்று, சமிக்ஞை அடங்குவதற்குள்ளேயே பிடித்துவிடுவது. ஜீரோ டிஇ என்பார்கள். இதில் எம்ஆர்ஐயின் அந்த டம் டம் சத்தமும் ரொம்பக் குறைவு. இன்னொன்று, சுற்றியுள்ள சதையையெல்லாம் ஒரே சாம்பல் நிறமாக்கி, எலும்பை மட்டும் கறுப்பாக விட்டு, மெல்லிய துண்டுகளாக எடுப்பது. அப்புறம் கறுப்பை வெள்ளையாகத் திருப்பிப் போட்டால் பார்ப்பதற்கு சிடி மாதிரியே இருக்கும். எம்ஆர்ஐ படத்திலிருந்து கம்ப்யூட்டரே சிடி போன்ற படத்தைச் செய்துதரும் மென்பொருளும் வந்திருக்கிறது. அதை மட்டும் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். தான் கற்றுக்கொண்ட படங்களில் இல்லாத விசித்திரமான எலும்பு எதிரே வந்தால் அது தப்பாக வரைந்துவிடலாம்.

சரி, யாருக்கு இதனால் லாபம்? பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் வேகப்பந்து வீசும் பதினைந்து வயதுப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வளைந்து, திரும்பி, ஓங்கி வீசும்போதெல்லாம் இடுப்பின் கடைசி முள்ளெலும்பில், பின்பக்கம் ஒரு மெல்லிய எலும்புப் பாலத்தில் பாரம் விழுகிறது. அதற்குப் பார்ஸ் என்று பெயர். வலது கையால் வீசுகிறவனுக்குப் பெரும்பாலும் இடது பக்கம்தான் அதில் விரிசல் விடும். விரிசல் கோடு விழுவதற்கு முன்பே எலும்புக்குள் நீர் கோத்திருக்கும். அதை எம்ஆர்ஐ காட்டிவிடும், சிடி காட்டாது. ஆனால் கோடு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, எலும்பு ஒட்டிக் கூடிவருகிறதா என்று பார்க்கத்தான் இதுவரை சிடிக்கு அனுப்பினோம். நான் சொன்ன எலும்புப் படத்தை, சில நிமிடம் கூடுதலாக, அதே எம்ஆர்ஐயோடு சேர்த்து எடுத்துவிட்டால் அந்தக் கோட்டையும் பெரும்பாலும் அதிலேயே பார்த்துவிடலாம்.

கூடங்குளத்தை அருகில் வைத்திருக்கும் நமக்குக் கதிர்வீச்சு என்ற சொல் புதிதில்லை. உலகச் சராசரியில் ஒருவர் இயற்கையாக வருடத்துக்கு சுமார் 2.4 முதல் 3 மில்லிசீவெர்ட் வாங்குகிறார். உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு அது. எக்ஸ்ரே கதிரால் எடுக்கும் இடுப்பு சிடி ஒன்றுக்கு சுமார் 6. ஒரு தடவைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. வளர்கிற பிள்ளைக்கு எலும்பு கூடிவருகிறதா என்று திரும்பத் திரும்ப எடுப்பதைத்தான் தவிர்க்கப் பார்க்கிறோம். எம்ஆர்ஐயில் இந்தக் கதிரே கிடையாது.

முக்கூடல் பக்கம் காலமெல்லாம் குனிந்து பீடி சுற்றிய ஆச்சிக்கு, தண்ணீர்க் குடத்தைத் தூக்கியதும் முதுகு பிடித்துக்கொள்கிறது. எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறது. நேற்று நசுங்கியதா, பத்து வருடத்துக்கு முன்பா? சிடியை வைத்து உறுதியாகச் சொல்வது கஷ்டம். புதுசென்றால் எம்ஆர்ஐயில் உள்ளே நீர் கோத்தது தெரியும். வைத்தியமே அதைப் பொறுத்து மாறும்.

அதே நேரம், திசையன்விளைப் பக்கம் பனையிலிருந்து விழுந்தவரைத் தூக்கி வருகிறார்கள் என்றால் சிடிதான் முதலில். சில விநாடிகளில் தலை, வயிறு, முதுகு எல்லாம் பார்த்தாக வேண்டும். உயிருக்குப் போராடுகிறவரை நெடுநேரம் காந்தக் குழாய்க்குள் அசையாமல் படுக்கவைக்க முடியாது. “கதிர்வீச்சு வேண்டாம் டாக்டர்” என்று அந்த நேரத்தில் சொல்லிவிடாதீர்கள். நரம்புத் தண்டுக்கு அடி உண்டா என்று பார்க்கப் பிறகு எம்ஆர்ஐ எடுப்பார்கள். முதுகில் ஏற்கெனவே ஸ்க்ரூ போட்டவர்களுக்கும் எம்ஆர்ஐ படம் அந்த இடத்தில் கலைந்துபோகும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதன் அட்டையை முதலிலேயே காட்டிவிட வேண்டும். சில வகை பேஸ்மேக்கர்கள் காந்தத்துக்கு ஒத்துவராது.

எல்லா மெஷினிலும் இந்த எலும்புப் படம் எடுக்கும் வசதி இருக்காது. பிள்ளைக்கு முதுகு எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தால், “எலும்பு விரிசலுக்கும் சேர்த்து இதிலேயே பார்த்துவிட முடியுமா?” என்று டாக்டரிடம் கேளுங்கள். படுப்பதற்கு முன்னால் கேட்பது நல்லது. எடுத்து முடித்த பிறகு சேர்க்க முடியாது. முடியாது என்றால், முழு இடுப்பையும் எடுக்காமல் அந்த ஒரு முள்ளெலும்பை மட்டும், குறைந்த கதிரில் சிடி எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். நடக்கிற காரியம்தான். வணக்கம்.