இன்கமிங்குக்கும் விலை வைத்த போட்டி

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், சாயந்திரத்திலிருந்து நகராமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

'கைபேசி நிறுவனங்களின் போட்டியால் பெரிதும் பயனடைந்தவர்கள் வாடிக்கையாளர்களா, நிறுவனங்களா' என்பது இன்றைய தலைப்பு. நிறுவனங்களே என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மூன்று விஷயங்களை அழகாக எடுத்து வைத்தார். 1995-ல் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கொடுத்துப் பேசினோம், இன்று பேச்சுக்குத் தனிக் காசே இல்லை என்றார். ஒரு ஜி.பி. டேட்டா 250 ரூபாய் விற்ற காலம் போய் இன்று தினமும் ஒன்றரை ஜி.பி. வருகிறது என்றார். நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றலாம் என்றார். மூன்றும் உண்மை, நடுவர் அவர்களே. நான் மறுக்கவில்லை. அவற்றை யார் கொடுத்தார்கள், கொடுத்தவர்கள் இன்று எங்கே, கொடுத்ததில் எவ்வளவு திரும்பப் பிடுங்கப்பட்டது, இதுதான் என் வழக்கு.

நம்பர் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். இந்த வசதி வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் பரிந்துரைத்தது 2006-ல். நாடு முழுக்க வந்தது 2011 ஜனவரி 20 அன்று. வாடிக்கையாளருக்காகப் போட்டி போடுகிறவர்கள் நிறைந்த சந்தையில் இதற்கு ஐந்து வருஷம் ஏன் ஆகவேண்டும்? இன்கமிங் இலவசம் ஆனதும் அப்படித்தான். 2003 மே மாதம், ட்ராய் கொண்டுவந்த கட்டண முறையால் ஆனது.

போட்டியால் நமக்கு நல்லதே நடக்கவில்லையா என்றால், நடந்தது. 2009-ல் டாடா டோகோமோ விநாடிக்கு ஒரு பைசா என்று வந்தது. அதற்கு முன்னால் ஒரு நிமிடம் இரண்டு விநாடி பேசினால் இரண்டு நிமிடத்துக்குக் காசு போகும். 'சரி வை, வை, நிமிஷம் ஆகப்போகுது' என்று பாதிப் பேச்சில் போனை வைத்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். டோகோமோ வந்த சில மாதங்களில் மற்றவர்களும் விநாடிக் கணக்குக்கு இறங்கி வந்தார்கள். அதுதான் உண்மையான போட்டி. ஏர்செல், ஏர்டெல், வோடஃபோன், பி.எஸ்.என்.எல்., ரிலையன்ஸ், டோகோமோ, ஐடியா, யூனிநார், எம்.டி.எஸ்., வீடியோகான் என்று அப்போது தமிழ்நாட்டில் விரல் விட்டு எண்ணினால் இரண்டு கையும் நிறைந்துவிடும்.

அந்த விநாடிக் கணக்கைக் கொடுத்த கம்பெனி இன்று எங்கே? அதன் கைபேசி வியாபாரம் ஏர்டெல்லுக்குப் போய்விட்டது. 2012-ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்ததில் சிலர் போனார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, மாதக்கணக்கில் இலவசமாகக் கொடுத்து, 170 நாளில் பத்துக் கோடிப் பேரைச் சேர்த்தபோது மிச்சம் இருந்தவர்கள் ஆட்டம் கண்டார்கள். வோடஃபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்டில் ஒன்றாயின. நம் ஊரில் 1999-ல் தொடங்கி வளர்ந்த ஏர்செல் என்ன ஆயிற்று? 2018 பிப்ரவரியில் ஒரு நாள் போனில் சிக்னல் கோடே இல்லை. அலுவலக வாசல்களில் கூட்டம் கூட்டமாக மக்கள். பேங்க் ஓ.டி.பி. அந்த நம்பருக்கு, கேஸ் புக்கிங் அந்த நம்பருக்கு. வேறு கம்பெனிக்கு மாறலாம் என்றால் 1900-க்கு மெசேஜ் போடவேண்டும். மெசேஜ் போட சிக்னல் வேண்டும்.

இப்போது தனியார் மூன்று பேர், அரசு ஒன்று. 2024 ஜூன் 27 அன்று ஜியோ கட்டண உயர்வை அறிவித்தது. மறுநாளே மற்ற இரண்டு பேரும் அறிவித்தார்கள். ஜூலை 3, 4 தேதிகளில் மூன்று பேருடைய விலையும் ஏறிவிட்டது. ஒருவர் ஏற்றினால் இன்னொருவர் ஏற்றாமல் இருந்து அவருடைய ஆட்களை இழுப்பதுதானே போட்டி? தெருவில் மூன்று இட்லிக் கடை இருந்து, ஒருவர் விலையை ஏற்றிய மறுநாளே மற்ற இருவரும் ஏற்றினால் அதை நாம் என்ன சொல்லுவோம்?

அந்த ஜூலையில் மட்டும் பி.எஸ்.என்.எல். பக்கம் சுமார் 29 லட்சம் இணைப்புகள் கூடின. மக்கள் காலால் வாக்களித்தார்கள். ஆனால் அன்றைக்கு அதனிடம் நாடு தழுவிய 4ஜி இல்லை. அது தொடங்கி வைக்கப்பட்டது 2025 செப்டம்பரில்தான். போனவர்களில் எத்தனை பேரால் அங்கேயே நிலைத்திருக்க முடியும்?

இனி என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். திருமங்கலத்துக்குப் பக்கத்தில் சின்ன ஊர். அம்மாவிடம் பட்டன் போன். அதில் அவர் செய்வது ஒரே வேலை, நாங்கள் கூப்பிட்டால் எடுப்பது. முன்பெல்லாம் பத்து ரூபாய் டாப்-அப் இரண்டு மாதம் வரும். அப்புறம் 2018 கடைசியிலிருந்து வேலிடிட்டி என்று ஒன்று வந்து உட்கார்ந்தது. குறைந்தபட்ச ரீசார்ஜ் செய்யாவிட்டால் முதலில் அவுட்கோயிங் நிற்கும், சில நாளில் இன்கமிங்கும் நின்றுவிடும். அம்மா தினசரி காலண்டரில் 28 நாளை எண்ணி, அந்தத் தாளில் பேனாவால் வட்டம் போட்டு வைப்பார். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம்தான், ஆனால் அவர் காலண்டரில் பதின்மூன்று வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்கும் இப்போது கிட்டத்தட்ட 200 ரூபாய்.

2019-ல் ஒரு கூத்து நடந்தது, நடுவர் அவர்களே. ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குக் கால் போனால், கூப்பிட்டவருடைய கம்பெனி எடுத்தவருடைய கம்பெனிக்கு நிமிடத்துக்கு 6 பைசா கொடுக்கவேண்டும் என்று அப்போது விதி. ஆகவே ஒரு கம்பெனி ரிங் அடிக்கும் நேரத்தை 20 விநாடியாகக் குறைத்தது. எடுப்பதற்குள் கட் ஆனால் மிஸ்டு கால் ஆகும், எதிராளி திருப்பிக் கூப்பிடுவார், 6 பைசா இந்தப் பக்கம் வரும். மற்ற கம்பெனிகளும் பதிலுக்கு 25 விநாடியாகக் குறைத்தன. வசதியில் போட்டி என்கிறார்களே, அந்தப் போட்டி இந்த இடம் வரை வந்து நின்றது.

எங்கள் அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருப்பார். போன் முன்கட்டு அலமாரியில் இருக்கும். மூட்டு வலி. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் உள்ளே வந்து சேர அரை நிமிடம் ஆகும். வந்து எடுத்தால் போன் செத்திருக்கும். திருப்பிக் கூப்பிட அதில் காசு இருக்காது. நான் இங்கே, அம்மா ஏன் எடுக்கவில்லை, விழுந்துவிட்டாரா என்று பதறி மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருப்பேன். கடைசியில் ட்ராய் தலையிட்டு, 30 விநாடி அடிக்கவேண்டும் என்று 2019 நவம்பரில் உத்தரவு போட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். குறைந்த விலை பேக்குகளில் மெசேஜ் வசதியையே எடுத்துவிட்டார்கள். மெசேஜ் இல்லாமல் 1900-க்கு எப்படி அனுப்புவது? கம்பெனி மாறவே முடியாது. எந்த பேக்காக இருந்தாலும் இந்த மெசேஜைத் தடுக்கக்கூடாது என்று 2021 டிசம்பரில் ட்ராய் உத்தரவிட வேண்டியிருந்தது. எதிரணித் தலைவர் பெருமையாகச் சொன்ன அதே மூன்றாவது வசதிதான் இது. அதை யாரிடமிருந்து ட்ராய் காப்பாற்றியது என்று அவரே யோசித்துப் பார்க்கட்டும்.

யாருக்கு லாபம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சந்தாதாரரிடமிருந்து மாதத்துக்குச் சராசரியாக எவ்வளவு வருகிறது என்று கம்பெனிகளே ஒவ்வொரு காலாண்டும் வெளியிடுகின்றன. ஏர்டெல்லுக்கு 2018 டிசம்பர் காலாண்டில் 104 ரூபாய். 2024 டிசம்பர் காலாண்டில் 245 ரூபாய். மக்கள் 4ஜிக்கு மாறி அதிகம் பயன்படுத்துகிறார்கள், அதனால் ஏறியது என்பார்கள். ஒரு பங்கு உண்மைதான். ஆனால் அதே கம்பெனியின் குறைந்தபட்ச மாத பேக் 2018 கடைசியில் 35 ரூபாய், 2021-ல் 79, அப்புறம் 99, 2024 ஜூலையில் 199. அன்லிமிடெட் காலும் டேட்டாவும் சேர்த்துத்தானே தருகிறார்கள் என்று கேட்கலாம். பட்டன் போனில் அம்மா அந்த டேட்டாவை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? டேட்டா இல்லாமல் பேச்சுக்கு மட்டும் ஒரு பேக் தாருங்கள் என்று 2024 டிசம்பரில் சொன்னதும் போட்டி அல்ல, மறுபடியும் ட்ராய்தான். அதற்குப் பிறகுதான் 84 நாளுக்கு 450 ரூபாய் முன்னே பின்னே பேக்குகள் வந்தன. பத்து ரூபாயில் ஓடிய போன் அது.

எனக்கு அடுத்து எதிரணியிலிருந்து பேச வருகிற சகோதரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு அமர்கிறேன். அம்மாவின் அடுத்த வட்டம் வருகிற செவ்வாய்க்கிழமை. நம்பரை மாற்றாமல் கம்பெனி மாற அவர் தயார், 1900-க்கு மெசேஜை நானே போட்டுக் கொடுக்கிறேன். ரீசார்ஜ் செய்யாவிட்டாலும் பெற்ற பிள்ளை கூப்பிட்டால் மணி அடிக்க விடுகிற தனியார் கம்பெனி இந்த மூன்றில் எது? பெயரை மட்டும் சொல்லுங்கள் சகோதரி, குறித்துக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.